கணக்கைக் காலி செய்ய எளிய வழிகள்

சங்கரன்கோவிலில் தறி வைத்திருக்கிறீர்களா? பூ மார்க்கெட்டில் கடையா? வீட்டில் சும்மா போனைத் தடவிக்கொண்டிருப்பவரா? யாராயிருந்தாலும் சரி, உங்கள் பணம் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் கீழே உள்ளபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

1. பாஸ்வேர்டு 'கோமதி123' என்றே இருக்கட்டும். வங்கிக்கும் மெயிலுக்கும் ஜிஎஸ்டிக்கும் அது ஒன்றே போதும். சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள். உதிர்ந்துவிடாமல் செல்லோடேப் நன்றாகப் போடுங்கள்.

2. கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 ஓடட்டும். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் அதைக் கைகழுவிவிட்டது, நீங்கள் கைவிடாதீர்கள். அப்டேட் கேட்டால் 'பிறகு' என்பதை அழுத்துங்கள். 2017 மார்ச்சில் வந்த அப்டேட்டை அப்படித் தள்ளிப்போட்டவர்களின் கோப்புகளைத்தான் மே மாதம் வான்னாகிரை என்ற நச்சுநிரல் பூட்டிப்போட்டுக் காசு கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளும் மாட்டின. அந்த வரிசையில் நம்ம ஊர்த் தறிக்கூடமும் சேர்ந்தால் பெருமைதானே! பேக்கப்பை அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் வையுங்கள். பூட்டுகிறவன் அலைய வேண்டாம்.

3. ஆதார் பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். "அழிச்சிருங்க அண்ணாச்சி" என்று கேட்பது சங்கடம், கேட்காதீர்கள். மங்கலாக விழுந்த நகலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். வடை மடிக்க ஆகும். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரை, அதை வழங்கும் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம் என்று எவராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதை மட்டும் நினைவில் வையுங்கள்.

4. பணம் அனுப்புகிறேன் என்று யாராவது கியூஆர் அனுப்பினால் உடனே ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள். யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை என்ற யோசனை அந்த நேரத்தில் வரக்கூடாது.

5. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை ஏபிகே கோப்பாக வந்தால் இன்ஸ்டால் செய்யுங்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பது மரியாதையில்லை. மொய்யை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

6. வீடியோ காலில் காக்கிச்சட்டைக்காரர் தோன்றி, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். பக்கத்து வீட்டில் மூச்சு விடாதீர்கள். அப்படியொரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். ஆனால் காக்கிச்சட்டை பொய் சொல்லுமா?

7. பணம் போய்விட்டதா? சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் போட்டுவிடாதீர்கள். உடனே போட்டால், பணம் கைமாறும் முன்பே வங்கியில் முடக்கிவிட வாய்ப்பிருக்கிறது. சென்னை மருமகன் ஆடித்தபசுக்கு வருவார், அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.