கருணையண்ணன்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் மடிப்பாக்கத்துப் பக்கம் விடியற்காலையில் வாசலுக்கு இரண்டு தரப்பு வரும். ஒன்று பஜனைக் கோஷ்டி, மற்றது கருணையண்ணன். பஜனைக் கோஷ்டி ஒரு பாட்டைப் பாடிவிட்டு நகர்ந்துவிடும். கருணையண்ணன் ஒரு நாய்க்குட்டியைக் கொடுக்காமல் நகரமாட்டார்.

கருணையண்ணன் என்பது தெரு வைத்த பெயர். ரேஷன் கார்டில் வேறு ஏதோ இருக்கிறது. அவரை எங்கள் தெருவின் தனிச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். பல்லாவரத்திலும் இருக்கிறார், மதுரை ஆரப்பாளையத்திலும் இருக்கிறார், திருச்சி உறையூரிலும் இருக்கிறார். உங்கள் தெருவில் இல்லையென்றால் நீங்கள் இன்னும் கதவைத் திறக்கவில்லை என்று அர்த்தம். ஐம்பதைத் தாண்டிய வயது, அரைக்கைச் சட்டை, அதில் ஆழமான பாக்கெட், கையில் ஒரு மஞ்சப்பை. மனசு வெண்ணெய். உருகுவது அவருக்கு, வழிவது அடுத்த வீட்டுத் தரையில்.

தெருநாய்களுக்கு மழைக்காலத்தை ஒட்டித்தான் முகூர்த்தம். அங்கிருந்து 63 நாள் எண்ணினால் பனிக்காலத்தில் பிரசவம். பாதி கட்டி நிற்கும் வீட்டின் எம்-சாண்ட் குவியல், மழைநீர்க் கால்வாய் மூடியின் அடி, டயர் இறங்கிப்போன மாருதி வேனுக்குக் கீழே என்று பிரசவ வார்டுகள் எல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். பால்காரர் துப்புக் கொடுப்பார், இஸ்திரி வண்டிக்காரர் வழி காட்டுவார்.

மீட்புப் பணி நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஆறு குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அண்ணன் குனிந்து பார்ப்பார். நிமிர்ந்து இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார். தாயைக் காணோம். "ஐயோ பாவம், தாயில்லாப் புள்ளைங்க!" விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. தாய் அந்நேரம் இரண்டு தெரு தள்ளி பிரியாணிக் கடைக்குப் பின்னால் ஓர் எலும்புக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். ஆறு வாய்க்குப் பால் சுரக்க வேண்டுமென்றால் அதற்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். மணல் குவியலுக்குச் சாப்பாடு கொண்டுவரும் கம்பெனி இன்னும் வரவில்லை. அது போய்த்தான் ஆக வேண்டும்.

அண்ணன் குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்னும் விசேஷம். ஆறில் எது உருண்டையாக, வயிறு பம்மென்று, மினுமினுவென்று இருக்கிறதோ அதைத்தான் எடுப்பார். "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க, இதைப் போய் விட்டுட்டுப் போவாங்களா?" என்பார். யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரம் முன்புவரை தாய் மடி கொடுத்ததால்தான் அந்த வயிறு பம்மென்று இருக்கிறது. வயிறு ஒட்டி, தொட்டால் சில்லென்று, ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறதே, அதுதான் நிஜமாகவே ஆபத்தில் இருக்கிற குட்டி. ஆனால் அது போட்டோவில் நன்றாக விழாது.

கேட்டால் ப்ளூ கிராஸ் வரலாறு சொல்வார். 1959-இல் சென்னையில் மழை வெள்ளம். கேப்டன் சுந்தரம் தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்துவந்தார். ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியாவுக்கு அதுதான் தொடக்கம். கதை சரிதான். கேப்டன் எடுத்தது வெள்ளத்திலிருந்து, அண்ணன் எடுப்பது தாய்மடியிலிருந்து என்பது ஒரு வித்தியாசம். கேப்டன் எடுத்துக்கொண்டு போனது தன் வீட்டுக்கு என்பது இரண்டாவது வித்தியாசம்.

ஏனென்றால் அண்ணன் வீட்டில் நாய் கிடையாது. ஒரு வருஷம் "உங்க அண்ணிக்கு வீசிங்." அடுத்த வருஷம் "ஹவுஸ் ஓனர் ஒத்துக்க மாட்டேங்கறார்." சொந்த வீடு கட்டிக் குடிபோனபின் "புது டைல்ஸ்." ஆகவே போன மார்கழியில் அவர் எதிர்வீட்டு டீச்சரம்மா வீட்டு பெல்லை அடித்தார். டீச்சரம்மா ரிடையர்டு. கணக்கு எடுத்தவர்.

"டீச்சர், ரெண்டே ரெண்டு நாள். அடாப்ஷனுக்குப் பார்ட்டி ரெடி."

"நாயா? எனக்கு இதெல்லாம் பழக்கமே இல்ல தம்பி."

"ஒரு வேலையும் இல்ல டீச்சர். ஒரு மாசக் குட்டி. பால்ல சாதத்தப் பிசைஞ்சு வெச்சா அதுவா சாப்ட்டுக்கும். ஒரு கோணிய விரிச்சாப் போதும், தூங்கிடும்."

சட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து டீச்சரம்மாவின் கையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கியது. கண் பாதிதான் திறந்திருந்தது, வாயில் ஒரு பல்கூட இல்லை. நாய்க்குட்டிக்குக் கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும், பால்பல் எட்டிப் பார்க்க மூன்று வாரமாவது ஆகும். டீச்சரம்மாவுக்கு இந்தக் கணக்கு அப்போது தெரியாது. அண்ணனுக்கு எப்போதும் தெரியாது.

"லக்கின்னு பேரு வெச்சிருக்கேன்" என்றார். பெயர் வைப்பது, போட்டோ எடுப்பது, ஸ்டேட்டஸ் போடுவது ஆகிய மூன்று பொறுப்புகளையும் அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். மிச்சம் நம்முடையது.

மிச்சம் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தது. முதல் சில வாரங்களுக்குக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் குளிரில் நடுங்கக்கூட அதற்கு வராது. தாயின் வயிறும் கூடப்பிறந்ததுகளின் முதுகும்தான் அதற்குக் கம்பளி. இங்கே இருந்தது மொசைக் தரையும் ஒரு கோணியும். குட்டி வீறிட்டது. டீச்சரம்மா போன் போட்டார். "பசி டீச்சர், பால் குடுங்க" என்றது மறுமுனை. அண்ணனின் வைத்தியத்தில் எல்லா நோய்க்கும் இந்த ஒரு மருந்துதான். சில்லிட்டுப்போன குட்டியின் வயிறு பாலைச் செரிக்காது. முதலில் சூடு காட்ட வேண்டும், அப்புறம்தான் பால்.

எந்தப் பால் என்பதிலும் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆவினில் நீலப் பாக்கெட்டா, பச்சைப் பாக்கெட்டா என்பதோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்துவிடும். "கெட்டியா இருந்தாச் செரிக்காது, பாதிக்குப் பாதி தண்ணி விட்டுக் குடுங்க." நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, லாக்டோஸ் என்கிற பால்சர்க்கரை மட்டும் குறைவு. ஆகவே பசும்பாலைக் குடித்த குட்டிக்குச் சத்தும் போதாது, சர்க்கரை செரிக்காமல் வயிற்றாலும் போகும். அதிலும் பாதி தண்ணீர் என்றால் குட்டி குடிப்பது வெள்ளை நிறத்தை மட்டும்தான்.

டீச்சரம்மா பேரனுக்கு வாங்கிய வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்தார். அண்ணன் வீடியோ காலில் வந்து, "மல்லாக்கப் போட்டுப் புகட்டுங்க டீச்சர், கொழந்தைக்குப் புகட்டலையா?" என்று நேர்முக வர்ணனை செய்தார். இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும். கையால் வளர்க்கும் குட்டிகள் நிமோனியாவில் போய்ச் சேருவது பெரும்பாலும் இப்படித்தான். தாயிடம் எந்தக் குட்டியும் மல்லாந்து கிடந்து குடிப்பதில்லை. குப்புறக் கிடந்து, தலையைக் கொஞ்சம் தூக்கி, முன்னங்கால்களால் மடியை அமுக்கி அமுக்கித்தான் குடிக்கும். நல்லகாலம், முதல் சொட்டு மூக்கில் வந்ததுமே டீச்சரம்மா பாலாடையைக் கீழே வைத்தார். வழிமுறை தப்பாயிருந்தால் விடைவரை போகக் கூடாது என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். போனையும் அணைத்தார்.

மறுநாள் காலை கால்நடை டாக்டர், சின்னப் பெண், வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பதினஞ்சு நாள்கூட இருக்காது ஆன்ட்டி. எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். கூட வந்திருந்த அண்ணன் சுவரில் தொங்கிய நாய் இனங்களின் படத்தை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார்.

நாய்க்குட்டிக்கென்றே விற்கிற பால்பவுடர். நிப்பிள் வைத்த சின்ன பாட்டில். மூன்று நான்கு மணிக்கு ஒருதரம், ராத்திரியும் சேர்த்து. தினம் சமையலறைத் தராசில் எடை போட வேண்டும், எடை ஏறாத நாளில் டாக்டருக்குப் போன் போட வேண்டும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே குடற்புழு குட்டிக்கு வந்துவிடுமாதலால் இரண்டு வாரத்திலேயே பூச்சி மருந்து. இவ்வளவையும் டீச்சரம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். டாக்டர் கடைசியாக, "ஒவ்வொரு தடவை குடிச்ச உடனே பஞ்சை வெந்நீர்ல நனைச்சு, பிழிஞ்சு, அடியில மெதுவாத் துடைச்சு விடணும் ஆன்ட்டி. இல்லன்னா அதுக்கு ஒண்ணுக்கும் வராது, ரெண்டுக்கும் வராது" என்றார். அது உண்மை. முதல் இரண்டு மூன்று வாரம் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரமே இறங்கும். இயற்கை அந்த வேலையைத் தாயின் நாக்கில் வைத்தது, கருணையண்ணன் அதை டீச்சரம்மாவின் கைக்கு மாற்றினார். மாற்றிய கையோடு அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது, வெளியே போய்விட்டார்.

சூட்டுக்கு 60 வாட் குண்டு பல்பு வேண்டும் என்றார்கள். எல்லா வீட்டிலும் எல்இடி வந்து வருஷக்கணக்காகிறது. எலக்ட்ரிக்கல் கடைப் பையன், "அது எந்தக் காலத்துச் சாமான் சார்?" என்று கேட்டான். கடைசியில் பிள்ளையார் கோயில் மடப்பள்ளியில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. குருக்கள் கழற்றிக் கொடுத்தார். டிக்டிக் கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் குட்டி தாயின் இதயத் துடிப்பென்று நினைத்துத் தூங்கும் என்று யாரோ சொல்ல, டீச்சரம்மா பரணிலிருந்து பழைய சாவிக் கடிகாரத்தை இறக்கினார். குட்டி தூங்கியது. அலாரத்தை யாரும் பார்க்கவில்லை. நாலரை மணிக்கு அது அலறியதில் தெருவே எழுந்தது. பஜனைக் கோஷ்டிக்கு அன்றைக்கு நல்ல கூட்டம்.

அண்ணன் தினம் சாயங்காலம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவார். காபி குடித்துக்கொண்டே, "என்ன டீச்சர், இளைச்சாப்ல இருக்கே?" என்பார்.

"குட்டி இளைக்கல தம்பி, நான்தான்."

அவர் குட்டியைக் கோயில்வரை கொண்டுபோய் நாலு பேருக்குக் காட்ட ஆசைப்பட்டார். டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்தார். பார்வோ கிருமி 1978-இல்தான் அடையாளம் காணப்பட்டது, ஆனால் அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் குட்டிகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது. மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். தடுப்பூசி ஆறு வாரத்துக்குப் பிறகு தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். அதுவரை தெருப் பிரவேசம் இல்லை. "எங்க காலத்துல நாய்க்கு ஊசியா போட்டாங்க?" என்றார் அண்ணன். அவர் காலத்துக் குட்டிகளில் எத்தனை பிழைத்தன என்று டீச்சரம்மா கணக்குக் கேட்டார். பதில் வரவில்லை.

'ரெடி'யாயிருந்த பார்ட்டிகளும் வந்தார்கள். ஒருவர் லேப் கிராஸா என்று விசாரித்தார். ஒருவருக்கு ஆண் குட்டிதான் வேண்டும், லக்கி பெண். ஒரு குடும்பம் கறுப்பு ராசியில்லை என்று காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனது.

லக்கி பிழைத்தது. அதற்கு முழுக் காரணம் டீச்சரம்மாவின் நோட்டுப் புத்தகம். ஆனால் 28 பால்பல்லும் வந்தபின் வேறு தொல்லை ஆரம்பமானது. கூடப்பிறந்ததுகளோடு கடித்து விளையாடும்போது ஒரு குட்டி அழுத்திக் கடித்துவிட்டால் மற்றது வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் ஓர் உறுமல் உறுமும். எதுவரை கடிக்கலாம் என்ற பாடம் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும். லக்கி அங்கே சேரவேயில்லை. டீச்சரம்மாவும் கணக்கு மட்டும்தான் எடுப்பவர். ஒரு நாள் அண்ணன், "லக்கிக் குட்டி, என்னைத் தெரியலையா?" என்று கையை நீட்டினார். நான்கு இடத்தில் பதிந்தது. "நான் தூக்கிட்டு வரலேன்னா இது செத்திருக்கும், நன்றி கெட்ட ஜென்மம்" என்று திட்டிக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். ஊசி போட்டுக்கொண்டு, அங்கே ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஐந்து குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி செய்தது. காசு வாங்காமல் கொடுப்பவரை அந்த விதி தொடாது.

இவ்வளவு சொன்னாலும் அவரைத் தள்ளிவிட முடியவில்லை. குட்டிகளைச் சாக்கில் கட்டி ரயில்வே லைன் ஓரம் வீசிவிட்டு வருகிறவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். லாரியில் அடிபட்டுத் தாய் செத்துக் கிடக்கும் இடத்தில் மூக்கைப் பொத்தாமல் குனிகிற முதல் ஆள் இவர்தான். அந்தக் குட்டிகளுக்கு இவர் வேண்டும். தாய் செத்த குட்டிக்கும், தாய் சாப்பிடப் போயிருக்கும் குட்டிக்கும் இவரிடம் ஒரே பாக்கெட் என்பதுதான் கஷ்டம்.

வரும் மார்கழியில் உங்கள் வீட்டு பெல் அடித்தால் "எங்கே எடுத்தீங்க?" என்று முதலில் கேளுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு அதே மணல் குவியலுக்குப் போங்கள். குட்டியை மற்றதுகளோடு விட்டுவிட்டு, தெருமுனைக்குத் தள்ளிப்போய் இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். பக்கத்தில் ஆள் நின்றால் தாய் வரத் தயங்கும். அது வந்தபின் ஒரு தட்டில் சோறும் முட்டையும் வையுங்கள், ஆறு குட்டிக்கும் அது போய்ச் சேரும். குட்டி வேண்டுமென்றால் அதற்கு எட்டு வாரம் ஆனபின் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். "மனுஷக் கை பட்டுடுச்சு, இனிமே தாய் சேத்துக்காது" என்று அண்ணன் சொல்வார். சேர்த்துக்கொள்ளும்.