பாதை போட்ட புண்ணியவான்கள்

போக்கிமான் கோவைச் செய்தவர்களே, உங்களைப் புகழ வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. எங்கள் சிங்கப்பூரில் நீங்கள் விளையாட்டைத் திறந்துவிட்டது 2016 ஆகஸ்ட் 6-ஆம் தேதி. அந்த மாதம் ஹவ்காங் 401-ஆம் புளோக்கைச் சுற்றி நள்ளிரவிலும் கூட்டம் கலையவில்லை. கைப்பேசியைப் பார்த்தபடி சாலையைக் கடந்தவர்களால் வண்டிகள் நின்றன. அன்று ஓடிய இளவட்டங்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். நின்றவர்கள் யார் என்று பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு சாயங்காலம் புக்கிட் பாத்தோக்குக்கு வாருங்கள். பேரன் பேத்தி எடுத்த அங்கிள்களும் ஆண்டிகளும் ஒரு கையில் சந்தைப் பையும் மறு கையில் கைப்பேசியுமாக, எம்ஆர்டி நிலையத்திலிருந்து லிட்டில் குயிலின் குளக்கரை வரை நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் இரண்டு கைப்பேசி வைத்திருப்பார்கள்.

இதைச் சாதித்தது நீங்கள்தான். டாக்டர் நடக்கச் சொன்னார், கேட்கவில்லை. பிள்ளைகள் சொன்னார்கள், கேட்கவில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-இல் தேசிய நடைச் சவாலைத் தொடங்கி, நடந்த அடிகளுக்குப் புள்ளி கொடுத்து, அந்தப் புள்ளிக்குக் கடைப் பற்றுச்சீட்டும் கொடுத்தது. நீங்கள் பற்றுச்சீட்டு எதுவும் தரவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைப் போட்டீர்கள். அந்த எண் ஒன்று கூடுவதற்காக, புக்கிட் பாத்தோக் நினைவிடக் குன்றின் 120 படிகளையும் முழங்கால் வலியோடு ஏறினார்கள். மனித மனத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்கள் அரிது. இதை நான் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை.

உங்கள் கணக்குத் திறமையைத் தனியாகப் போற்ற வேண்டும். முதல் லெவல்களில் நீங்கள் காட்டிய தாராளத்துக்கு அளவே இல்லை. நடந்தால் லெவல், பிடித்தால் லெவல், ஒவ்வொரு லெவலுக்கும் பரிசு. லெவல் 30-ஐ எட்டுவதற்குள் புதுப் பந்து, புது மருந்து, கடைசியாக மேக்ஸ் ரிவைவ் என்று எல்லாமே திறந்துவிட்டன. அதற்கு 2025 வரை மொத்தம் 20 லட்சம் எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, போதுமாக இருந்தது. அடுத்த பத்து லெவலுக்கு நீங்கள் வைத்த விலை 1 கோடியே 80 லட்சம். முதல் முப்பது லெவலும் சேர்ந்து கேட்டதைப் போல ஒன்பது மடங்கு. அந்தப் பத்து லெவல் நெடுகிலும், தொடக்க ஆண்டுகளில், புதிதாகத் திறந்த பொருள் ஒன்றுகூட இல்லை. ஏற்கெனவே பையில் இருப்பவற்றிலேயே இன்னும் கொஞ்சம் கொடுத்தீர்கள். புதியவனை வாசலில் வந்து வரவேற்று, பாதி வழி வந்தவனை அவன் காலை நம்பி விட்டுவிட்டீர்கள். லெவல் 33-இல் நிற்பவர் திரும்பிப் போகமாட்டார், அவ்வளவு தூரம் நடந்துவிட்டார் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நாற்பதை எட்டியவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடக்கூடாது என்ற அக்கறையும் உங்களுக்கு இருந்தது. 2020 நவம்பர் 30-ஆம் தேதி உச்சத்தை 50 ஆக்கினீர்கள். அதுவரை முழுப் பாதைக்கும் 2 கோடி எக்ஸ்பி. ஐம்பதுக்கு 17 கோடியே 60 லட்சம். 49-இலிருந்து 50-க்கு ஏறும் கடைசிப் படி மட்டும் 3 கோடி, அதாவது முதல் நாற்பது லெவலையும் ஒன்றரை முறை ஏறி வருவதற்குச் சமம். எக்ஸ்பி மட்டும் போதாதென்று அந்தப் படியில் 999 ‘எக்ஸலென்ட்’ வீச்சும் வைத்தீர்கள். விரல் நடுங்கும் வயதில் இருப்பவரிடம், சுருங்கிச் சுருங்கி விரியும் அந்தக் குறுகிய வளையத்துக்குள் பந்தை எறியச் சொல்லி, அதை 999 முறை செய்யச் சொல்வதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! ஏன் 999 என்று யோசித்தேன். விளையாட்டை ரசிக்க வைக்கும் எண் அல்ல அது. வருடக்கணக்கில் இருக்க வைக்கும் எண். மூத்த ஆட்டக்காரர்களின் ஆயுளில் இத்தனை உறுதியான நம்பிக்கை வைத்திருப்பவர்கள் உங்களைத் தவிர யாருமில்லை.

பழையவர்களைக் கௌரவிக்கவும் தவறவில்லை. 2020 முடிவதற்குள் நாற்பதை எட்டியவர்களுக்கு ஒரு பதக்கமும் கியாரடோஸ் தொப்பியும் கொடுத்தீர்கள், இரண்டும் திரைக்குள்ளே. நான்கு வருட வெயிலிலும் மழையிலும் நடந்தவரின் தலைக்கு அல்ல, அவருடைய திரை உருவத்தின் தலைக்கு.

நட்புக்கு நீங்கள் விலை குறித்த விதம் தனி அழகு. 2018-இல் நண்பர் வசதி வந்தது. ஒருவரோடு 90 நாள் பரிசு மாற்றிக்கொண்டால், அல்லது பலர் கூடி ஒரு பெரிய போக்கிமானை வீழ்த்தும் ரெய்டைச் சேர்ந்து அடித்தால், அவர் ‘பெஸ்ட் ஃபிரெண்ட்’ ஆவார். அப்போது இருவருக்கும் 1 லட்சம் எக்ஸ்பி. ஒரு போக்கிமானைப் பிடித்தால் அடிப்படையாகக் கிடைப்பது 100. ஆக ஒரு நண்பர் ஆயிரம் பிடிப்புக்குச் சமம். அந்த நொடியில், எக்ஸ்பியை இரட்டிப்பாக்கும் லக்கி எக் என்ற முட்டையைப் போட்டிருந்தால் இரண்டாயிரம். ‘நான் முட்டை போட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரை என் பரிசைத் திறக்காதீங்க ஆண்டி’ என்று எதிர்ப் புளோக்குக்குச் செய்தி போகும். அந்த ஆண்டியோடு காலையில் ஈரச்சந்தையில் பேசியதற்கு எக்ஸ்பி கிடையாது. ஆனால் அங்கே பேச்சுத் தொடங்கக் காரணம் உங்கள் விளையாட்டுதான். ஒரே லிஃப்டில் இருபது வருடம் ஏறி இறங்கியும் முகம் பார்க்காத தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரு ரெய்டுக்காகக் கீழ்த்தளத்தில் ஒன்றாக நின்றார்கள். இந்தப் புகழில் எனக்கு ஒரு துளிக் குறையும் இல்லை.

ஜிம் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. காசு கொடுக்காமல், விளையாட்டுக்குள் செலவழிக்கும் காயின் சேர்க்க இருக்கும் வழி ஜிம்தான். அங்கே நிறுத்திய போக்கிமான் பத்து நிமிடத்துக்கு ஒரு காயின் சம்பாதிக்கும், ஒரு நாளைக்கு 50 வரை. ஆனால் அதை எதிரணி அடித்துத் துரத்தி வீட்டுக்கு அனுப்பினால்தான் காயின் கைக்கு வரும். ஆகவே சிவப்பு அணியும் நீல அணியும் பேசிவைத்துக்கொண்டு ஒருவரையொருவர் துரத்திவிடுகிறார்கள், ‘எட்டு மணி நேரம் ஆச்சு, என்னை இறக்கிவிடு’ என்று. போட்டியாக நீங்கள் அமைத்ததை அவர்கள் கூட்டுறவாக மாற்றிக்கொண்டார்கள். பழைய ஆட்டக்காரருக்கு நாலாவது வருடத்திலும் ஐந்தாவது வருடத்திலும் ஆட்டம் சலிக்காமல் இருந்ததற்கு முக்கியக் காரணம் இந்த மாதிரி ஏற்பாடுகள்தான். அவற்றை வடிவமைத்த சம்பளக்காரர் உங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை.

கொவிட் காலத்தில் நீங்கள் செய்ததை இங்கே பலர் மறக்கவில்லை. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கதவடைத்து இருந்தோம். வீட்டிலிருந்தே ரெய்டில் சேரும் ரிமோட் பாஸ் அந்த ஏப்ரலில்தான் வந்தது. ஜிம்மையும் பொருள் தரும் ஸ்டாப்பையும் தொடும் தூரத்தை 40 மீட்டரிலிருந்து 80 ஆக்கினீர்கள். முழங்கால் அறுவை முடிந்து படுத்திருந்தவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அது நோய்க்காலச் சலுகை அல்ல, முதல் முறையாகக் கிடைத்த நியாயம். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் தூரத்தை மறுபடி 40 ஆக்கிப் பார்த்தீர்கள். ஆட்டக்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அதே மாதத்தில் 80 நிரந்தரம் என்று அறிவித்தீர்கள். கேட்டதும் கொடுக்கும் மனம்! கேட்காமலே பறித்தது யார் என்பதை மட்டும் அந்த அறிவிப்பைக் கொண்டாடியவர்கள் மறந்துவிட்டார்கள்.

2023 ஏப்ரலில் ஒரு ரிமோட் பாஸின் விலை 100 காயினிலிருந்து 195 ஆனது. மூன்று பாஸ் கட்டு 300-இலிருந்து 525. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் பயன்படுத்த முடியாது என்ற வரம்பும் அப்போது வந்தது. வெளியே போய் நேரில் கூடி ஆடுவதை ரிமோட் ரெய்டு விழுங்கிவிட்டது என்பது நீங்கள் சொன்ன காரணம். உங்கள் கொள்கைப் பிடிப்பு பெரியது. ஜிம்மில் நாளுக்கு 50 காயின் சேர்க்கும் ஒருவர் முன்பு இரண்டு நாளில் ஒரு பாஸ் வாங்கினார், இப்போது நான்கு நாள் ஆகிறது. காசு போட்டு வாங்குபவருக்குக் கொள்கை சற்றுச் செலவு கூடியது, அவ்வளவுதான். நடக்க முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரைத்தான் அந்தக் கொள்கை முழுமையாகச் சந்தித்தது. பிறகு விசேஷ நிகழ்ச்சி நாட்களில் அந்த ஐந்து என்ற வரம்பை நீங்களே தளர்த்தினீர்கள்.

2025 மார்ச்சில் உங்கள் நிறுவனமான நயான்டிக் தன் விளையாட்டுப் பிரிவை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு 350 கோடி அமெரிக்க டாலருக்கு விற்பதாக அறிவித்தது. ஸ்கோப்லி, சவூதி அரசு முதலீட்டு நிதியின் சேவி கேம்ஸுக்குச் சொந்தம். விலை கூடுதல் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் திறக்கப்படும் விளையாட்டு வேறு எத்தனை இருக்கிறது? அந்த 350 கோடியில் புக்கிட் பாத்தோக்கின் சாயங்காலங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அதே வருடம் அக்டோபரில் உச்சம் 80 ஆனது. பழைய லெவல்களுக்கான எக்ஸ்பியைக் குறைத்தீர்கள். ஒரு லெவலில் படுத்தவர் காலையில் அதைவிட உயர்ந்த லெவலில் எழுந்தார். எண் ஏறியது, ஏறிய சந்தோஷம் ஏறவில்லை. அதற்காக நடந்த நினைவு அவருக்கு இல்லையே. எண்பதுக்கு மொத்தம் 20 கோடிக்கும் சற்று மேல். நாற்பதிலேயே ஒரு முறை முடித்தவர்களுக்கு, ஐம்பதில் இன்னொரு முறை முடித்தவர்களுக்கு, மூன்றாவது முறையாக முடிவைத் தள்ளிவைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். நடுவில் நிற்பவருக்கும் பழையவருக்கும் பலன் வேண்டும் என்று கேட்டால் நீங்கள் எப்போதும் எண்ணைத்தான் கொடுக்கிறீர்கள், அதையும் குறைவில்லாமல் கொடுக்கிறீர்கள். நாளுக்கு 50 காயினைக் கொஞ்சம் கூட்டலாம். நேரில் கூடி ஆடுபவர்களுக்கு அந்தக் கூடுகைக்கென்றே இன்னும் கொஞ்சம் தரலாம். நடக்க முடியாதவருக்குப் பழைய விலைக்கே பாஸைக் கொடுக்கலாம். இவ்வளவு தெரிந்த உங்களுக்கு இதுவும் தெரியாமல் இருக்காது.