அந்தக் காலத்து இரும்பு

நேற்றும் ஒருவர் வந்து, என் மோரிஸ் மைனரின் மட்கார்டை விரல் மடக்கித் தட்டிவிட்டு, “அந்தக் காலத்து இரும்பு சார்!” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தட்டியது இடது பக்கம். நசுங்கிக் கிடப்பது வலது பக்கம். இதுவரை வந்தவர்களில் ஒருவர்கூட வலது பக்கத்தைத் தட்டவில்லை. தட்டினால் கையில் துரு ஒட்டும், வாயில் வசனம் வராது.

நடந்தது இவ்வளவுதான். ஈப்போ லஹாட் சாலையில் சமிக்ஞை விளக்கைத் தாண்டிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த மைவி திடீரென்று வளைந்து என் வலது முன் மூலையில் வந்து உட்கார்ந்தது. ஓட்டிய தம்பி கைப்பேசியில் யாருக்கோ மிக அவசரமாகச் சிரிப்புப் பொம்மை அனுப்பிக்கொண்டிருந்தார். மைவிக்குப் பம்பர் கழன்றது. மறுவாரமே புதுப் பம்பரோடு அதே சாலையில் பறந்தது. என் அந்தக் காலத்து இரும்பில் மட்கார்டு, விளக்கு, பின்னாலிருந்த தகடு எல்லாம் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு இன்னும் பிரியவில்லை. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. இனி இதைப் பழுது பார்ப்பதா, விட்டுவிடுவதா? ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்; காரணத்தோடு சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த இரும்புப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவோம்.

முதலில் எடை. மைனர் 1000 முக்கால் டன் சொச்சம்தான். இன்றைய மைவி ஏறக்குறைய ஒரு டன். இதைச் சொன்னால், “அது பிளாஸ்டிக் எடை சார்” என்கிறார்கள். பிளாஸ்டிக் எடை என்ன, தராசில் வேறு பக்கமா உட்காரும்?

அடுத்தது சேசிஸ். “அடியில பாருங்க, தண்டவாளம் மாதிரி சேசிஸ் இருக்கும்” என்று குனியாமலே சொல்வார்கள். குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், அது வேறு விஷயம். மைனருக்குத் தனிச் சேசிஸே கிடையாது. 1948ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்துச் சந்தைக்கு வந்தபோதே கூடும் எலும்பும் ஒன்றாகத்தான் வந்தது. 10 லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் இங்கிலாந்துக் காடி அது. தண்டவாளம் ஒன்றுமில்லாமலே தாண்டியது.

மூன்றாவது, “இந்தக் காலத்துக் காடி தொட்டாலே நசுங்குது.” நசுங்கட்டும் என்றுதானே செய்திருக்கிறார்கள்! முன்னும் பின்னும் நசுங்கி, நடுவில் இருக்கும் மனிதன் நசுங்காமல் இருக்கவேண்டும் என்று பேலா பரேனி என்ற பொறியாளர் யோசித்து, அவர் யோசனைப்படி மெர்சிடிஸ் பென்ஸ் 1959லேயே காடி செய்துவிட்டது. 2009ல் அமெரிக்கக் காப்புறுதிக்காரர்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1959ஆம் ஆண்டு செவ்ரோலெட் பெல் ஏரையும் 2009ஆம் ஆண்டு செவ்ரோலெட் மாலிபுவையும் மோதவிட்டுப் படம் பிடித்தது. மாலிபுவுக்குள் இருந்த பொம்மைக்குக் காலில் சிறு அடி. பெல் ஏருக்குள் இருந்த பொம்மை மனிதனாக இருந்திருந்தால் அன்றே கருமாதிக்கு நாள் பார்த்திருப்பார்கள். இந்தப் படத்தை இரும்பு ரசிகர் ஒருவருக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கண் இமைக்காமல் பார்த்தார். பிறகு சொன்னார்: “அது அமெரிக்கா இரும்பு சார். உங்களோடது இங்கிலீஷ் இரும்பு.”

இரும்போடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து மின்விசிறி, அந்தக் காலத்து அம்மி, அந்தக் காலத்துச் சோறு, அந்தக் காலத்து உடம்பு. அந்தக் காலத்து உடம்பைப் பற்றி என்னிடம் அரைமணி நேரம் பேசியவர் நடுவில் நிறுத்தி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டார். அப்புறம் அந்தக் காலத்துத் தோட்டம். லயத்துக்கு ஒரு குழாய், எந்த நோய்க்கும் ஒரே மருந்து, விடியுமுன் பிரட்டு. பால்மரக் காட்டில் அட்டை கடித்த தழும்பு இருப்பவர்கள் இதைப் பேசுவதில்லை. தாமானில் ஏர்கோன் போட்டுத் தூங்குகிறவர்கள்தான் பேசுகிறார்கள்.

என் மைனர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியின் காடியாக இருந்தது. அன்றைய ஒழுங்கு தெரியுமல்லவா? துரைக்கு ஜீப், பெரிய கிராணிக்கு மைனர், தண்டலுக்குச் சைக்கிள், மற்றவர்களுக்குக் கால். இந்தக் காடி வருவதைக் கண்டால் சாலையோரம் ஒதுங்கி நின்றவர்களின் பேரன்தான் இப்போது அதன் மட்கார்டைத் தட்டி உருகுகிறான். தாத்தா தட்டியிருந்தால் வேலை போயிருக்கும்.

அந்தத் தோட்டம் இன்று பாதி செம்பனை, பாதி தாமான். காடியைப் பார்த்ததும் தோட்டக் கதையைத் தொடங்கிவிடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தோட்டத் துண்டாடலில் தொடங்கி, துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கிய கதைவரை வருவார். நல்ல கதை, கேட்கவேண்டிய கதை. ஆனால் நான் கேட்டது, “ஐயா, தகரம் தட்டுற ஆள் யாராவது தெரியுமா?” என்பதைத்தான்.

காப்புறுதி அட்ஜஸ்டர் வந்தார். பானெட்டின் நடுவில் நெடுக ஓடும் மேட்டைத் தடவிப் பார்த்து, “இது முன்னாடியே வெட்டி ஒட்டின காடி போலிருக்கே” என்றார். உண்மைதான். வெட்டியவர் இசிகோனிஸ். மாதிரிக் காடி ஒல்லியாகத் தெரிகிறது என்று நெடுக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, 4 அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்து, இதுதான் சரி என்று முடிவு செய்தார். பம்பர்களை முன்பே அடித்து வைத்துவிட்டதால் ஆரம்பகால மைனர்களில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். இவ்வளவையும் பொறுமையாக விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே, “முன்விபத்து: உண்டு” என்று எழுதிக்கொண்டார். சந்தை விலை என்று அவர் போட்ட தொகைக்கு நல்ல சைக்கிள் வாங்கலாம். தண்டல் ஆகிவிடலாம்.

மெங்லெம்புவில் ஒரு சீன ஃபோர்மன். பல்லில் குச்சியோடு காடியைச் சுற்றி வந்து, “போலே” என்றார். எவ்வளவு ஆகும்? “திறந்து பார்த்தால்தான் தெரியும்.” எப்போது கிடைக்கும்? “திறந்து பார்த்தால்தான்.” எப்போது திறப்பீர்கள்? பதிலுக்கு மட்கார்டைத் தட்டினார். இடது பக்கம். வேறொருவர் வந்து காடியைப் பார்க்காமல் எண் பலகையை மட்டும் பார்த்தார். பழைய பேராக் எண், அதை மட்டும் கொடுங்கள் என்றார். காடியை என்ன செய்ய? “கோலகங்சாரில் 1877ல் நட்ட ரப்பர் மரத்துக்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்களே, அது பக்கத்தில் நிறுத்திவிடுங்கள்.” பழைய இரும்பு லாரிக்காரர் ஒருவர்தான் தயங்காமல் விலை சொன்னார், கிலோ கணக்கில். அவரும் அந்தக் காலத்து இரும்பு என்றுதான் சொன்னார். அவர் வாயில் மட்டும் அது உண்மையாக இருந்தது.

டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சாமான் தட்டில் இடித்து என் முழங்கால் வீங்கியிருக்கிறது. வந்தவர்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்காரி மட்டும் கேட்டாள்: “காலுக்கு என்ன செலவாகும்னு கேட்டீங்களா, இல்ல தகரத்துக்கு மட்டும்தானா?”

இலங்கையில் 1990களில் ஒரு பட்டறை, இங்கிலாந்தின் பாத் நகரத்து மோரிஸ் மைனர் நிலையத்தோடு சேர்ந்து மைனருக்குத் தகடுகள் அடித்து அங்கே ஏற்றுமதி செய்தது. வெள்ளைக்காரன் காடிக்கு இலங்கைத் தகரம்! அப்படிப் பார்த்தால் அந்தக் காலத்து இரும்பு பாதி இந்தக் காலத்தது, மீதி கொழும்புக் கப்பலில் போனது. அதனால்தான் நான் எடுத்த முடிவு என்னவென்றால்… அதை இன்னொரு கட்டுரையில் எழுதுகிறேன்; இரும்பே எல்லா இடத்தையும் தின்றுவிட்டது.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். மைனர் 1000க்கு வலது முன் மட்கார்டு, துரு பிடிக்காதது, யாரிடமாவது சும்மா கிடந்தால் விலையோடு சொல்லியனுப்புங்கள். எண் விற்பனைக்கு இல்லை.