ஓட்டப்பிடாரம் வட்டார வாழ்த்து அட்டைகளில் ரோஜாவின் ஆக்கிரமிப்பும் பருத்திப்பூவின் உரிமையும்

ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில் பருத்தி விளையும். உளுந்து, பாசி, கம்பு, சோளம், மிளகாய் விளையும். மழை கண் திறந்தால் மக்காச்சோளமும் விளையும். ரோஜா விளையாது. ஆனாலும் ஆல்கஹால் மார்க்கரும் ஒரு வெள்ளை அட்டையும் கையில் கிடைத்தவர் முதலில் வரைவது ரோஜாவைத்தான். இத்தனை பெரிய முரண்பாட்டை அறிஞர் உலகம் கண்டுகொள்ளாமல் இருப்பது வியப்புக்குரியது. மானாவாரி நிலத்தில் மார்க்கர் பிடிக்கும் கை பருத்திப்பூவை வரையவே கடமைப்பட்டது என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

முன்னாய்வுகளைத் தொடாமல் எந்த ஆய்வும் கரை சேராது. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றை வரையச் செய்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான் என்கிறார்கள். விலை ஒரு ஷில்லிங். கோடுகளை அச்சில் ஏற்றிவிட்டு வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். படத்தில் ஒரு குடும்பமே கோப்பையும் கையுமாக உட்கார்ந்து ஒயின் அருந்துகிறது; மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஆக, வாழ்த்து அட்டைக்கும் ஆல்கஹாலுக்கும் உள்ள தொடர்பு மார்க்கர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நிறுவப்பட்டுவிட்டது.

உள்ளூர்ச் சான்று இன்னும் வலுவானது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் வேலையோடு கோவில்பட்டிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர் சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டராகி, தமிழ்நாட்டுச் சுவர்களில் பாதியைப் பிடித்துக்கொண்டன. லட்சுமிக்குத் தாமரை அவசியம் என்பதால் அந்தப் பூவைக் குறை சொல்ல முடியாது. பின்னாளில் அதே சிவகாசி அச்சில் வந்த பொங்கல் வாழ்த்துகளில் கரும்பு இருந்தது, பானை இருந்தது, காளை இருந்தது, ரஜினியும் கமலும் இருந்தார்கள். மார்கழி பிறந்தால் அவற்றைக் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். கைப்பேசி வந்தது, கயிறு அவிழ்ந்தது. இன்று மிஞ்சியிருப்பது கையால் செய்யும் அட்டை மட்டுமே. அதையும் ரோஜாவுக்கு விட்டுக்கொடுப்பது நியாயமில்லை.

இனி கருவி. ஜப்பானின் காப்பிக் மார்க்கர் 1987-ல் வந்தது. மலிவு விலைச் சீனத் தயாரிப்புகள் பின்தொடர்ந்தன. உள்ளே இருப்பது ஆல்கஹாலில் கரைத்த சாயம். தண்ணீர் வண்ணம்போல் தாளை ஊறவைத்துச் சுருக்காது. ஆனால் கண்ணாடித் தன்மை உடையது. அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் பூசினால் ஒன்றும் தெரியாது. ஆகவே வெளிர் முதலில், அடர் பிறகு. இரண்டு நிறமும் ஈரமாக இருக்கும்போதே சந்திக்க வேண்டும், அப்போதுதான் கோடு தெரியாமல் ஒன்றோடொன்று இழையும். கரிசல் காட்டு வெயிலில் ஆல்கஹால் நிமிடக் கணக்கில் காத்திருக்காது. மின்விசிறியை அணைத்துவிட்டு வரைவதே உத்தமம். வியர்வை அட்டையில் சொட்டாமல் பார்த்துக்கொள்வது ஆய்வாளரின் தனிப்பட்ட பொறுப்பு.

இந்த இழைதல்தான் வழக்கின் மையம். இன்று பெரும்பாலும் பயிராகும் அமெரிக்க வகைப் பருத்தியின் பூ, விரிந்த அன்று வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு, பிறகு சிவந்து வாடும். ஒரே செடியில் நேற்றைய பூவும் இன்றைய பூவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வெளிர் முதலில், அடர் பிறகு என்ற மார்க்கர் விதியை அந்தச் செடி யாரிடமும் படிக்காமலே கடைப்பிடிக்கிறது. பழைய கருங்கண்ணிப் பருத்தியோ மஞ்சள் இதழும் அடியில் கருஞ்சிவப்புப் பொட்டுமாகப் பூக்கும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இந்த மண்ணில் இருக்கிறது. கே 11 போன்ற கருங்கண்ணி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. இரண்டு மஞ்சள், ஒரு கருஞ்சிவப்பு, ஒரு பச்சை இருந்தால் கருங்கண்ணி முடிந்தது. ரோஜாவுக்கோ இதழ் இதழாக நிழல் போட்டு, நான்கு சிவப்பைத் தீர்த்தாலும் முட்டைக்கோஸ்தான் வருகிறது.

துணைப் பாத்திரங்களாக, பொங்கலுக்கு வாசலில் செருகும் ஆவாரம்பூவையும் சிறுபீளையையும் சேர்க்கலாம். ஆவாரை எளிது. சிறுபீளை சோதித்துவிடும்: வெள்ளை மார்க்கரால் வெள்ளை வராது, தாளையே பூவாக விட்டுவைத்துச் சுற்றிலும் நிறம் தீட்ட வேண்டும்.

ஓர் ஆட்சேபம் எழக்கூடும். 1872-ல் வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊரில் ஜப்பான் மார்க்கரும் சீன மார்க்கருமா? ஆட்சேபத்துக்குக் கப்பல் வழியே பதில் உண்டு. அவர் தொடங்கி 1906-ல் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு வந்த காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் பிரான்சில் வாங்கியவை. கப்பல் எங்கே வாங்கப்பட்டது என்பதைவிட அது யாருக்காக ஓடியது என்பதே அங்கே முக்கியம். அதே நீதிப்படி மார்க்கர் அந்நியமாக இருக்கலாம். பூ அந்நியமாக இருக்கக் கூடாது. ரோஜாவின் வாதம் இத்துடன் தள்ளுபடி.

செய்முறை சுருக்கமானது. பால்பாயிண்ட் பேனாவால் வெளிக்கோடு போட்டால் ஆல்கஹால் பட்டதும் கோடு கரைந்து பூ முழுக்கத் தீற்றிவிடும். ஒரு தாளில் வரைந்து, கெட்டித்தாளில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது, டோனர் அசையாது. மை பின்பக்கம் கசியும் என்பதால் பூவைத் தனித்தாளில் தீட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். இரட்டை முனை மார்க்கரைப் படுக்கவைத்தே வைக்க வேண்டும். சாயம் வெயிலில் வெளுக்கும். அட்டை வந்து சேர்ந்த வீட்டார் அதை ஜன்னலோரம் மாட்டாமல் பீரோவுக்குள் வைப்பது நலம்.

ஐப்பசி மழையை ஒட்டி விதைத்த மானாவாரிப் பருத்தி பொங்கலை ஒட்டிப் பூவில் இருக்கும். எனவே படம் பார்த்து வரைய வேண்டியதில்லை, காட்டுக்கே போகலாம். உறையில் ஓட்டப்பிடாரம் 628401 என்று எழுதும்போது மட்டும் மார்க்கரை மூடி வைத்துவிடுங்கள். அதற்குப் பால்பாயிண்ட் பேனாவே போதும்.