படகு குன்றேறும் வித்தை

கேள்வி: இங்கிலாந்தில் டிவைசஸ் என்ற ஊரருகே படகுகள் குன்றின்மேல் ஏறுகின்றனவாமே, மெய்தானா?

பதில்: மெய்யே. தண்ணீர் தன் சுபாவப்படி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அது இறங்கும் வழியிலேயே படகை ஏற்றிவிட்டது ஜான் ரென்னி என்ற எஞ்சினீயரின் சாமர்த்தியம். மேற்கிலிருந்து வரும் கென்னட்-ஏவன் கால்வாய் இரண்டு மைலுக்குள் 237 அடி உயர வேண்டியிருந்ததால், இருமுனையிலும் கதவுகளுடைய 29 நீர்ப்பூட்டுகளை அவர் அமைத்தார். படகு புகுந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, மேலிருந்து நீரை விட்டால், நீர்மட்டத்தோடு படகும் உயர்ந்து அடுத்த கட்டத்தை அடைகிறது. கேன் ஹில் சரிவில் இவற்றுள் 16 பூட்டுகள் ஒரே நேர்வரிசையாய் நெருங்கி நிற்பதால், நீரைச் சேமிக்க இடையில் நீளம் போதாமல், பக்கவாட்டில் குளங்கள் வெட்டினார்கள். அங்குள்ள காட்சிகளில் என் மனத்தை மிகவும் கவர்வது அந்தக் குளங்களின் வரிசைதான். 1810-இல் திறந்த இம்மார்க்கம், ரயில் வந்தபின் க்ஷீணித்துப் பாழாகி, ஆர்வலர்களின் பல்லாண்டு உழைப்பால் புத்துயிர் பெற்று, 1990-இல் எலிசபெத் மகாராணியாரால் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. படகில் குன்றேறி முடிக்க ஐந்தாறு மணி நேரமாகும். கதவுகளைத் தள்ளித் திறப்பதும் படகில் வருபவர்களே. ஆகவே, போகிறவர்கள் கைப்பலத்தையும் பொறுமையையும் உடன்கொண்டு செல்லுங்கள்!