யார்க்ஷயர் ஏலும் அதன் நடுவர்களும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களின் பார்வைக்கு,

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்ஷயரில் குடியேறும் தமிழர் எவரும், மழையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்ட கையோடு, ஏல் என்னும் பானத்தைப் பற்றியும் கருத்துச் சொல்லக் கடமைப்பட்டவராகிவிடுகிறார். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிடும் பீர் வகையே ஏல். இவற்றுள் உயர்ந்ததாகக் கருதப்படுவது, வடிகட்டாமலும் சூடேற்றிக் கிருமிநீக்காமலும், ஈஸ்ட் உயிரோடிருக்கும்போதே பீப்பாயில் அடைக்கப்பட்டு, பப் எனப்படும் மதுக்கடையின் நிலவறையில் மேலும் முதிர்வதாகும். பெரிய ஆலைகளின் வாயு ஏற்றிய பீர் இதனை ஒழித்துவிடும் என்று அஞ்சியோர் 1971இல் கேம்ரா என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். மதுவிலக்குக்காகவே இயக்கம் கண்டு பழகிய நம் ஊரார், குடிப்பதற்காகச் சந்தா கட்டி உறுப்பினராகும் மக்கள் உண்டென்பதை நம்பத் தயங்கினால் அது அவர்கள் குற்றமன்று.

இந்த ஏல் பனிக்கட்டிக் குளிரில் தரப்படுவதில்லை. நிலவறையின் 11 முதல் 13 பாகை செல்சியஸ் வெப்பநிலையே அதற்குரியது. திறந்த பீப்பாயினுள் காற்று புகுவதால், இறக்கிய கள் பொழுது ஏற ஏறப் புளிப்பதுபோல, சுமார் மூன்று நாளில் அதன் சுவை கெடுகிறது. ஆகவே ஏல் போட்டிகளில் நடுவர்கள் வழங்கும் தீர்ப்பில் பாதி வடித்தவரைப் பற்றியதென்றால், மறுபாதி நிலவறையைப் பேணும் கடைக்காரரைப் பற்றியது.

நடுவர் முதலில் கோப்பையை வெளிச்சத்தில் உயர்த்தி நிறமும் தெளிவும் நோக்குகிறார், பின் முகர்கிறார், பின் அருந்துகிறார். திராட்சை மதுவைச் சுவைப்போர் அதனைத் துப்பிவிடுவதுண்டு. ஏல் நடுவரோ, கசப்பின் பின்சுவை விழுங்கினால்தான் முழுமையாக விளங்கும் என்று வாதிட்டு விழுங்கிவிடுகிறார். ஆய்வுநெறியின்மீது இத்தனை பற்றுக்கொண்ட அறிஞர்களை வேறு துறைகளில் காண்பது அரிது.

குற்றங்களின் பட்டியல் இதனினும் விந்தையானது. காடி நாற்றமும் நனைந்த அட்டையின் வாடையும் குற்றமென்பது எவருக்கும் புரியும். ஆனால் நம் வீடுகளில் பெருமைக்குரிய வெண்ணெய் மணம், நொதித்தலில் உண்டாகும் டயசிட்டைல் என்னும் பொருளின் வேலையென்று இங்கே பெரும்பாலும் பழிக்கப்படுகிறது. அதே நடுவர், பர்ட்டன் நகரத்து ஏலில் எரிந்த தீக்குச்சியை நினைவூட்டும் கந்தக வாடை எழுந்தால், ஜிப்சம் மிகுந்த அவ்வூர்த் தண்ணீரின் மண்வாசனை அதுவென்று மகிழ்கிறார். நுரையிலும் இத்தகைய வட்டார வழக்கே ஆள்கிறது: வடக்கே குழாய் முனையில் ஸ்பார்க்ளர் என்னும் துளையிட்ட சிறு மூடியைத் திருகி, ஏலை அதன்வழியே பீய்ச்சி, பாலாடை போன்ற நுரையை எழுப்புகின்றனர், தெற்கத்தியர் இதனை மணத்தைக் கெடுக்கும் சூழ்ச்சியென்றும், நுரைக்கும் காசு வாங்கும் தந்திரமென்றும் ஏசுகின்றனர். 568 மில்லி கொண்ட பைண்ட் கோப்பையை முன்வைத்து நிகழும் இவ்வழக்கில், குடியேறியவர் எப்பக்கமும் சாயாமலிருப்பது உடல்நலத்துக்கு உகந்தது.

கீத்லி நகரில் 1858இல் தொடங்கிய டிமத்தி டெய்லர் ஆலையின் லேண்ட்லார்ட் ஏல், கேம்ராவின் நாடளாவிய வாகைப் பட்டத்தை நான்குமுறை வென்றது. மால்ட்டின் இனிப்பும் பூவின் கசப்பும் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்பதால், அப்பட்டம் தகும் என்றே கொள்ளலாம். இதனைப் பருகிய யார்க்ஷயர்க்காரர் சற்றுநேரம் யோசித்து, “மோசமில்லை” என்பார். அவ்வூரில் இதற்குமேல் பாராட்டு எதிர்பார்ப்பது பேராசை.

ஒன்று எஞ்சுகிறது. பீப்பாயில் மிதக்கும் ஈஸ்ட்டை அடியில் படியச்செய்ய, மீனின் உலர்ந்த காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ஐசிங்கிளாஸ் என்னும் பொருளைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். இப்போது சில சிறு ஆலைகள் அதனைக் கைவிட்டு, ஏலைக் கலங்கலாகவே விற்கின்றன. அத்தைக்கு இக்கடிதத்தைப் படித்துக்காட்டுங்கால், மதுவைப் பற்றிய பகுதிகளை எப்படியேனும் சமாளித்துக்கொள்ளலாம். மீனைப் பற்றிய இப்பத்தியை மட்டும் தவிர்த்துவிடுவது நலம்.