செத்த ராஜாக்களும் சாகாத வாட்ஸ்அப்பும்

கேள்வி: பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய மகள், பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். செத்துப்போன ராஜாக்களைப் படித்து என்ன ஆகப்போகிறது?

பதில்: ராஜாக்கள் செத்துவிட்டார்கள், அவர்கள் பெயரில் வரும் வாட்ஸ்அப் செய்திகள்தான் சாக மாட்டேன் என்கின்றன. உத்திரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 920-ஐ ஒட்டியது. அன்றே ஓட்டுப் போட்டோம் என்று மார்தட்டுகிறோம். வரலாறு படிப்பவள் கல்வெட்டுக்கே போவாள். அங்கே இருப்பது ஓட்டு அல்ல, குலுக்கல்: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையில் பெயர் ஏற வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். அது பிராமணர்களின் ஊர்ச்சபை. அதே கல்வெட்டு, பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினர்களையும் சேர்த்தே விலக்குகிறது. (இந்த விதியை மட்டும் அரசியல் மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை.) பெருமையும் குறையும் ஒரே கல்லில் இருக்கும்போது, எழுதியவர் யார், விடுபட்டவர் யார் என்று கேட்கப் பழக்குவதுதான் அந்தப் படிப்பு.

வீட்டிலிருந்தே படிக்கலாமே என்பீர்கள். படிக்கலாம், ஆனால் 'ஆதாரம் எங்கே?' என்று மடக்க எதிரே ஆள் வேண்டும். வேலை? டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி தேர்வுகளில் வரலாறு உண்டு. சட்டம், பத்திரிகை, தொல்லியல் பக்கமும் போகலாம். கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிகள் வரிசை கட்டாது, அது நிஜம். அதனால் கணினியும் ஓரளவு கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.